ஆரம்பாக்கத்தில் பாஸ்போர்ட் கேட்டால்

மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து சூலூர்பேட்டைக்குப் போகும் மின்ரயில் ஆரம்பாக்கம் தாண்டினால் தடாவில் நிற்கும். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் எங்கோ தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்குகிறது. எந்த இடம் என்று வண்டியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. கவனிக்க வைக்க அங்கே ஒன்றுமில்லை. 1953 அக்டோபர் 1 வரைக்கும் அங்கே மாநில எல்லையே கிடையாது. அந்த இடத்தில் இரும்புக் கேட்டும் பாஸ்போர்ட் கவுன்ட்டரும் வந்தால் என்னவாகும் என்று யோசிப்பது ஒரு நல்ல பயிற்சி. ‘தமிழ்நாடு தனி நாடா இருந்தா தாங்குமா?’ என்ற பழைய கேள்விக்கு விடை தேட கொரட்டூரையோ கோயம்புத்தூரையோ விட இந்த ரயில் பாதைதான் தோதானது.

கேள்வி வடசென்னையில் பிறந்தது என்றே சொல்லலாம். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியபோது, திராவிட நாடு அந்தக் கட்சியின் தலையாய கோரிக்கை. 1962 மே மாதம் அண்ணா மாநிலங்களவையில் பேசிய முதல் பேச்சிலும் அதையே கேட்டார். அந்த வருஷக் கடைசியில் சீனப் போர் வந்தது. 1963-ல் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது; இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் இனி யாரும் தேர்தலில் நிற்க முடியாது. கட்சியும் கோரிக்கையைக் கைவிட்டது. சட்டப்படி இன்றைக்கும் வழியில்லை. பெருபாரி என்ற சின்னப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதற்கே அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோரிக்கை முடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணக்கு மட்டும் டீக்கடைகளில் இன்னும் ஓடுகிறது. இங்கே பார்ப்பதும் கணக்கைத்தான்.

பெரும்பாலும் அந்தக் கணக்கு பணத்தில் ஆரம்பித்துப் பணத்திலேயே முடிந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி மக்கள். பிரிட்டனையோ தாய்லாந்தையோ ஒட்டிய எண்ணிக்கை. 2024-25-ல் மாநிலத்தின் மொத்த உற்பத்தி சுமார் 31 லட்சம் கோடி ரூபாய். போர்ச்சுகல், பின்லாந்து இரண்டையும் விடப் பெரிது. கடனைப் பார்த்தால், 2025 மார்ச் முடிவில் மாநிலக் கடன் 8.33 லட்சம் கோடி என்று பட்ஜெட் சொன்னது. பிரியும் நாடு பழைய நாட்டின் கடனிலும் பங்கு ஏற்க வேண்டும். ஒன்றிய அரசின் கடன் 180 லட்சம் கோடிக்கு மேல். மக்கள்தொகைப்படி நம் பங்கு 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது கிட்டத்தட்ட 11 லட்சம் கோடி. இரண்டும் சேர்ந்து உற்பத்தியில் 60 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். உலகத்தில் பாதி நாடுகள் இந்த அளவில்தான் குடித்தனம் நடத்துகின்றன. ஆகப் பணத்தை வைத்து மட்டும் பார்த்தால் தாங்கும்.

‘நாம கட்டுற ஒரு ரூபாய்ல 29 பைசாதான் திரும்பி வருது’ என்ற வாதத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வரி எந்த ஊரில் கட்டப்படுகிறது என்பதும் எந்த ஊர்ச் சம்பாத்தியத்திலிருந்து வருகிறது என்பதும் வேறு வேறு. பெங்களூருக்குப் போகும் இயந்திரத்துக்கு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசில் கட்டும் சுங்க வரி தமிழ்நாட்டில் வசூலானதாகக் கணக்காகும். தண்டையார்பேட்டையில் விற்கும் சோப்பின் லாபத்துக்கான வரி, கம்பெனியின் தலைமையகம் மும்பையில் என்றால் மகாராஷ்டிரக் கணக்கில் ஏறும். இரண்டு பக்கமும் பிசகு உண்டு. அசைக்க முடியாத எண் வேறொன்று இருக்கிறது. பகிரக்கூடிய வரியில் தமிழ்நாட்டுக்கான பங்கு 10-வது நிதிக்குழுவில் 6.637 சதவீதம், 15-வது நிதிக்குழுவில் 4.079. கோபப்பட அதுவே போதும்.

ஆனால் ஒரு நாடு நிற்பதும் விழுவதும் முதல் வருஷப் பட்ஜெட்டில் தீர்மானமாவதில்லை. முதல் நூறு நாளில் எந்த வாசல் வழியாக எது வந்தது, எது வரவில்லை என்பதில்தான் இருக்கிறது. அந்த வாசல்கள் பெரும்பாலும் ராயபுரத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் விசித்திரமான ஒன்று தெரியும்: கடல் தாண்டித் தூரத்திலிருந்து வருகிற எதற்கும் பெரிய ஆபத்தில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் ஆபத்து.

முதலில் கச்சா எண்ணெய். சென்னைத் துறைமுகத்தில் பாரதி டாக்கில் டேங்கர் கப்பல் இறக்குவது, 17 கிலோமீட்டர் நீளமுள்ள 42 அங்குலக் குழாயில் மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 105 லட்சம் டன். காவிரிப் படுகையில் சொந்தமாகக் கிடைப்பது அதற்கு முன்னால் சொற்பம். ஆனாலும் கவலையில்லை. எண்ணெய் விற்கும் நாட்டுக்கு வாங்குபவரின் கொடி முக்கியமில்லை. டாலர் இருந்தால் கப்பல் வரும். எண்ணூர் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையத்துக்கும், ரேஷன் கடைப் பாமாயிலுக்கும் இதே கதைதான். 1990-ல் லிதுவேனியா விடுதலை அறிவித்தபோது சோவியத் அரசு போட்ட பொருளாதார முற்றுகையின் முதல் அடி, மஜெய்கியாய் சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் எண்ணெய்க் குழாயை மூடியதுதான். அந்தக் குழாய் தரைவழியாக ரஷ்யாவிலிருந்து வந்தது. மணலியின் குழாய் கடலில் முடிகிறது. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

நிலக்கரிக்கு வந்தால் அந்தக் கொடுப்பினை கிடையாது. வடசென்னை அனல் மின்நிலையத்தின் மூன்று கட்டங்களும் சேர்ந்து 630, 1200, 800 மெகாவாட். பக்கத்தில் வல்லூர் 1500. நான்கையும் முழு வேகத்தில் ஓட்டினால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 9.9 கோடி யூனிட். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரியும். ஆக நாளுக்கு ஏறக்குறைய 69,000 டன். எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்தின் நிலக்கரித் தளத்தில் வந்து நிற்கும் ஒரு பெரிய கப்பலின் சரக்கு ஏறத்தாழ அவ்வளவுதான். நாளைக்கு ஒரு கப்பல், ஞாயிறு பொங்கல் பாராமல்.

இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருவதில்லை. ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், இறங்கியதும் கன்வேயர் பெல்ட். சுரங்கம் ஒன்றிய அரசின் கோல் இந்தியாவுடையது. தமிழ்நாட்டில் கருப்பு நிலக்கரி இல்லை. நெய்வேலியில் இருப்பது பழுப்பு. சுரங்கத்திலிருந்து தள்ளியிருக்கும் நிலையங்கள் 20 முதல் 26 நாளுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விதிப்படியே இருந்தாலும் நான்காவது வாரத்தில் கிடங்கின் தரை தெரியும்.

இந்தோனேசியாவிலிருந்து வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஆனால் எரிப்பதில்தான் வம்பு. நம் பழைய பாய்லர்கள் 35, 40 சதவீதம் சாம்பல் உள்ள இந்திய நிலக்கரிக்காகக் கட்டியவை. இந்தோனேசிய நிலக்கரியில் சாம்பல் குறைவு. ஈரமும் எளிதில் ஆவியாகி எரியும் பகுதியும் அதிகம். பத்துப் பதினைந்து சதவீதம் கலந்தால் பாய்லர் தாங்கும். அதற்கு மேல் போகப் போக, அரவை மில்லுக்குள் காற்றின் சூட்டைக் குறைக்க வேண்டிவரும். இல்லாவிட்டால் மில்லிலேயே தீப்பிடிக்கும். குவித்துவைத்த குவியலும் தானாகப் புகையும். அடுக்கடுக்காக அழுத்தி, காற்று புகாமல் வைத்து, பழையதை முதலில் எடுக்க வேண்டும். பர்னரையும் மில்லையும் மாற்றி அமைத்தால் தீரக்கூடிய சிக்கல்தான். அதற்கு ஒரு பாய்லருக்குச் சில மாதமாவது பிடிக்கும். நூறு நாளில் நடக்காது.

நிலக்கரி இருந்தாலும் கம்பி இருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகக் கட்டமைப்பு இந்தியா முழுக்க உள்ள மின்கட்டமைப்போடு ஒத்திசைந்தது. அன்றிலிருந்து காஷ்மீரில் ஓடும் டர்பைனும் எண்ணூரில் ஓடும் டர்பைனும் தரும் மின்சாரம் ஒரே தாளத்தில் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த எண்ணிக்கைதான் அதிர்வெண். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் யூனிட் ஒன்று திடீரென நின்றால், இரண்டு லட்சம் மெகாவாட் ஓடும் கட்டமைப்பில் அதிர்வெண் ஒரு நூலளவு இறங்கி மறுபடி ஏறும். யாருக்கும் தெரியாது.

தனியாக நின்றால்? 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். மழைக்கால நள்ளிரவில் அதில் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்கு 12,000. அதில் 1000 நின்றால் 8 சதவீதம் போயிற்று. சுழலும் இயந்திரங்களின் வேகச்சேமிப்பு, அதாவது சுழற்சியிலேயே தேங்கியிருக்கும் ஆற்றல், சராசரி 4 வினாடிக்கு என்று கொண்டால், அதிர்வெண் வினாடிக்கு அரை ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியும். இரண்டு வினாடியில் 49. அந்த நேரத்தில் மனிதன் எதுவும் செய்ய முடியாது. ரிலே என்ற தானியங்கிக் கருவிகள்தான் ஊர் ஊராக மின்பாதையை வெட்டும். காற்றாலையும் சோலாரும் அதிகம் ஓடும் நேரமாக இருந்தால் வேகச்சேமிப்பு இன்னும் குறைவு, சரிவு இன்னும் வேகம். மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் அடிக்கும் காற்று பெருமைதான். தனிக் கட்டமைப்பில் அந்தப் பெருமையே பாரமாகும்; காற்று திடீரென விழுந்தால் தாங்க, அனல் நிலையங்களைப் பாதிச் சுமையில் ஓடவிட்டு வைத்திருக்க வேண்டும். மொத்தமாக இருட்டிவிட்டாலோ அனல் நிலையம் தன்னால் எழாது. அதன் பம்பும் விசிறியும் ஓடவே உற்பத்தியில் 6 முதல் 8 சதவீதம் வேண்டும். முதல் பொறியை வேறு யாராவது கொடுக்க வேண்டும்.

எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் விடுதலை பெற்று முப்பது வருஷத்துக்கு மேல் ரஷ்யக் கட்டமைப்பிலேயே இருந்தன. கொடி மாறியது, பணம் மாறியது, நேட்டோவில் சேர்ந்தன; அதிர்வெண் மட்டும் மாஸ்கோவினுடையது. 2025 பிப்ரவரி 8-ல்தான் துண்டித்துக்கொண்டு, ஒரு நாள் தனியாக ஓடிப் பார்த்து, மறுநாள் ஐரோப்பியக் கட்டமைப்பில் இணைந்தன. செலவு 160 கோடி யூரோ. அவர்களுக்குப் போய்ச் சேர மறுபக்கம் போலந்து இருந்தது. நமக்கு மறுபக்கம் கடல். இலங்கைக்குக் கேபிள் போடும் பேச்சு எத்தனையோ வருஷமாகப் பேச்சாகவே இருக்கிறது.

கொசோவோ கதை இன்னும் வேடிக்கை. செர்பியாவோடு தகராறில் யார் எவ்வளவு மின்சாரம் போட வேண்டும் என்று முறுக்கிக்கொண்டதில், 2018 தொடக்கத்தில் ஐரோப்பா முழுக்க அதிர்வெண் இம்மியளவு தாழ்ந்தது. மின்கம்பியைப் பார்த்து மணி எண்ணும் அடுப்புக் கடிகாரங்கள் எல்லாம் மார்ச் மாதத்துக்குள் ஆறு நிமிஷம் பின்தங்கின. இரண்டு சின்ன நாடுகளின் கோபம் ஜெர்மனியில் வேலைக்குப் போகிறவரைத் தாமதமாக்கியது.

தண்ணீர். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஊத்துக்கோட்டை அருகே எல்லைக்கு வந்து, பூண்டி வழியாகப் புழலுக்கு வருவது கிருஷ்ணா நீர். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் தலைக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுத்து மொத்தம் 15. வழியில் இழப்பு போக எல்லையில் 12 என்பது 1983 ஒப்பந்தம். முழு 12 வந்த வருஷங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் இருக்கும்போதே இப்படி.

12 டிஎம்சியை நாள்கணக்கில் பிரித்தால் சுமார் 93 கோடி லிட்டர். காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் ஆலையின் கொள்ளளவு நாளைக்கு 10 கோடி லிட்டர். ஆக கிருஷ்ணா நீரைக் கைவிட வேண்டுமானால் இன்னும் ஒன்பது மீஞ்சூர் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால் ஒன்பது ஆலைக்கும் தினம் 31 லட்சம் யூனிட். அதற்கு 2,200 டன் நிலக்கரி. தண்ணீர்க்காரனிடமிருந்து தப்பிக்கப் போய் நிலக்கரிக்காரனிடம் மாட்டுகிறோம். உறிஞ்சுகுழாய் பக்கமும் நிம்மதியில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் பரவியதே, அதுபோல் ஒன்று உறிஞ்சுகுழாய் அருகே நடந்தால் ஆலையை நிறுத்தியாக வேண்டும். எண்ணெய் படிந்த மெம்பரேனைக் கழுவி மீட்பது பெரும்பாடு.

காவிரியை எடுத்தால், 2018 பிப்ரவரி தீர்ப்பில் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி. கர்நாடகம் திறக்காவிட்டால் இன்றைக்கு உச்ச நீதிமன்றம் போகலாம். தனி நாட்டுக்கு உச்ச நீதிமன்றம் எங்கே இருக்கிறது? முல்லைப் பெரியாறு அணைக்கான நிலம் 1886-ல் 999 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அணை நிற்கும் மண் கேரளம். கோயம்புத்தூர் குடிக்கும் சிறுவாணியும் அப்படியே. தன் குடிநீர் அணையை வேறு நாட்டுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதற்கு எழுத்து வேண்டும். சிங்கப்பூரிடம் அந்த எழுத்து இருந்தது. ஜொகூரிலிருந்து நாளைக்கு 25 கோடி காலன், ஆயிரம் காலனுக்கு 3 சென், 2061 வரை என்ற 1962 ஒப்பந்தத்தை, 1965 ஆகஸ்ட் பிரிவினை ஒப்பந்தத்திலேயே மலேசியா உத்தரவாதம் செய்தது, அதை ஐ.நா.விலும் பதிவு செய்தார்கள். அப்படி இருந்தும் மலேசிய அரசியல்வாதிகளுக்குக் கோபம் வந்தபோதெல்லாம் தண்ணீர்க் குழாய் பேச்சில் வந்து போனது. சிங்கப்பூர் கழிவுநீரைச் சுத்தம் செய்து குடிக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பயத்தில்தான் என்பது என் கருத்து.

விற்பதிலும் இதே விதி. திருவொற்றியூரில் டயர் ஆலை, 1955 முதல் புல்லட் வண்டி செய்த ஆலை, எண்ணூரில் 1948-ல் தொடங்கிய லாரி ஆலை. டயருக்கு ரப்பர் கேரளத்திலிருந்து வருகிறது. தனி நாடானால் தாய்லாந்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், விலைகூடக் குறையலாம். ஆனால் செய்த டயரையும் லாரியையும் யார் வாங்குகிறார்கள்? நாக்பூர்க்காரரும் லூதியானாக்காரரும். வெளிநாட்டில் முழுதாகச் செய்துவரும் காருக்கு இந்தியா போடும் சுங்க வரி சுமார் 70 சதவீதம். இருங்காட்டுக்கோட்டை கார் ‘வெளிநாட்டுக் கார்’ ஆன அன்றே, கம்பெனி செய்யும் முதல் காரியம் எல்லை தாண்டி ஆந்திரத்துத் தொழில்நகரமான ஸ்ரீசிட்டி பக்கம் இடம் பார்ப்பதாகத்தான் இருக்கும். வரியில்லா ஒப்பந்தம் போட்டாலும், பொருளின் மதிப்பில் 35 சதவீதமாவது இங்கேயே சேர்ந்தது என்று ஒவ்வொரு சரக்குக்கும் சான்று காட்ட வேண்டிவரும்.

எல்லையில் என்ன நடக்கும் என்பதை எளாவூரில் நின்று கற்பனை செய்யலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே வரிச் சோதனைக்கு லாரிகள் காத்துக் கிடந்தன. இப்போது இ-வே பில் இருந்தால் போதும். ஸ்ரீசிட்டியில் ஏற்றிய கண்டெய்னர் நிறுத்தாமல் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கோ சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கோ வருகிறது. சர்வதேச எல்லை என்றால் அந்தப் பக்கம் ஷிப்பிங் பில், இந்தப் பக்கம் வழிச்சரக்குப் பத்திரமும் வங்கி உத்தரவாதமும், கண்டெய்னருக்கு முத்திரை, லாரிக்குத் தனி அனுமதி, டிரைவருக்கு விசா. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவிலுள்ள பெட்ராபோல்–பேனாபோல் எல்லையைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: லாரிகள் நாள்கணக்கில் காத்திருந்து எல்லை தாண்டி, கேட்டை ஒட்டிய கிடங்கிலேயே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மறுபக்க லாரியில் மறுபடி ஏற்ற வேண்டும். இவ்வளவையும் சகித்துக்கொண்டு பெங்களூர்ச் சரக்கு சென்னைக்கு வருமா? மங்களூருக்குப் போகும், கிருஷ்ணபட்டினத்துக்குப் போகும். மணலி, மாதவரம் பக்கம் உள்ள கண்டெய்னர் கிடங்குகளில் பாதி புல் முளைக்கும். துறைமுகம் நம்முடையதாக இருக்கும். அதன் பின்னால் இருந்த தேசம் இருக்காது.

பணத்தாள் விஷயத்தில் செக்கோஸ்லோவாக்கியா நல்ல பாடம். 1993 ஜனவரி 1-ல் சண்டையில்லாமல் பிரிந்தார்கள். குறைந்தது ஆறு மாதம் ஒரே கொருனாவை இருவரும் வைத்துக்கொள்வதாகத் திட்டம். ஸ்லோவாக்கியப் பணம் மதிப்பிழக்கும் என்று பயந்த மக்கள் செக் வங்கிகளுக்குப் பணத்தை மாற்றத் தொடங்க, 38 நாளில் கதை முடிந்தது. பிப்ரவரி 8 முதல் பழைய நோட்டிலேயே அஞ்சல்தலை போன்ற ஒட்டுத்தாளை ஒட்டித் தனித்தனிப் பணமாக்கினார்கள். ஒட்டுத்தாள்களை முன்பே ரகசியமாக அச்சடித்து வைத்திருந்தார்கள். இங்கே அதே பயம் வந்தால் முதல் வாரம் சூலூர்பேட்டை மின்ரயிலில் நிற்க இடமிருக்காது. எல்லோர் மடியிலும் ரூபாய், எல்லோருக்கும் தடாவில் ஒரு வங்கிக் கணக்கு. யுபிஐயை நடத்துவது மும்பையிலுள்ள என்பிசிஐ என்ற நிறுவனம். டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரம் அன்றே ஊமையாகலாம். 1947-ல் பாகிஸ்தானுக்கு ரிசர்வ் வங்கியே 1948 ஜூன் வரை மத்திய வங்கியாக இருந்தது. சொத்தில் அவர்களுக்கு 17.5 சதவீதம் என்று முடிவானது. ரொக்கத்தில் தர வேண்டிய 75 கோடியில் 20 கோடி கொடுத்தபின் 55 கோடியை இந்தியா நிறுத்திவைத்தது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகே அது போய்ச் சேர்ந்தது.

ராணுவத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கோஸ்டாரிகா 1948 முதல் ராணுவமே இல்லாமல் இருக்கிறது. அதைவிடத் தலைவலி கல்பாக்கம். அங்கே உள்ள அணு உலைகள் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்படாதவை, இந்தியாவின் ராணுவப் பக்கத்தில் ஒதுக்கப்பட்டவை. அதைப் புதிய நாட்டின் கையில் விட உலகத்தில் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள், இந்தியா உட்பட. ஐ.நா.வில் சேரப் பாதுகாப்பு அவையில் 15-ல் 9 ஓட்டு வேண்டும், ஐந்து பெரிய நாடுகளில் ஒன்றுகூடத் தடுக்கக் கூடாது. சோமாலிலாந்து 1991 முதல் சொந்தப் பணமும் தேர்தலும் துறைமுகமும் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறது.

ஆக, தாங்குமா? ஸ்லோவாக்கியா தாங்கியது. பிரிந்த அன்றே செக் நாட்டோடு சுங்க ஒன்றியம் வைத்துக்கொண்டது. எல்லையில் சரக்குக்குச் சுங்க வரி விழவில்லை. தெற்கு சூடான் 2011-ல் பழைய சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கோடு பிரிந்தது; குழாய் மட்டும் பழைய நாட்டின் வழியாகக் கடலுக்குப் போனது. வாடகைச் சண்டையில் 2012 ஜனவரியில் தன் எண்ணெய்க் கிணறுகளைத் தானே மூடியது, ஓராண்டுக்கு மேல். அரசின் வருமானத்தில் கிட்டத்தட்ட முழுவதும் அந்த எண்ணெய்தான். எண்ணூரின் கப்பல், ஊத்துக்கோட்டையின் கால்வாய், எளாவூரின் கேட், 765 கிலோவோல்ட் கம்பி ஆகிய நான்குக்கும் டெல்லி முதல் நாளே கையெழுத்துப் போட்டால் தமிழ்நாடும் ஸ்லோவாக்கியாவைப் போலத் தாங்கும். அப்படி மனமுவந்து கையெழுத்துப் போடுகிற டெல்லி இருந்தால், அதனிடமிருந்து எதற்குப் பிரிய வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் இடறல்.

காசிமேட்டை விட்டுவிட்டேன். விசைப்படகுகள் பத்து, பதினைந்து நாள் தங்கலுக்கு வடக்கே நெல்லூர் கரையையும் அதைத் தாண்டியும் போகின்றன. ஆந்திர மீனவர்களோடு உரசல் இப்போதே உண்டு. காசிமேட்டிலிருந்து எல்லைக்கு நேரான கடல் சுமார் 20 கடல்மைல். மூன்று மணி நேர ஓட்டம். இன்றைக்கு அங்கே கோடு கிடையாது, ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வார்கள். நாடு பிரிந்தால் அது இலங்கையோடு 1974-லும் 1976-லும் கடலில் போட்ட கோட்டைப் போன்ற இன்னொரு கோடு. ராமேஸ்வரத்துக்காரர் அரைநூற்றாண்டாகப் படும் பாட்டைக் காசிமேட்டுக்காரர் படத் தொடங்குவார். பிடிக்கும் படகு மட்டும் இந்தியக் கடலோரக் காவல் படையினுடையதாக இருக்கும்.

அந்தக் கோடு பழவேற்காட்டு ஏரியையும் வெட்டிக்கொண்டு போகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரம் நம் பக்கம். கோடையில் அது மணல் மூடினால் இறாலும் நண்டும் உள்ளே வருவது நிற்கும், இரண்டு பக்கத்து வலையும் காயும். இங்கே மட்டும் நாம் மேல்மடைக்காரர்கள். இந்தக் கரையில் எந்த நாள் எந்தக் குப்பம் எங்கே வலைபோடலாம் என்பதைப் பாடு முறையில் முறைவைத்து ஊர் தீர்மானிக்கிறது. முகத்துவாரத்தைத் தூர்வார ஆகும் செலவில் வேறு நாட்டுக்காரரின் பங்கு எவ்வளவு, அதை எந்தப் பணத்தில் வாங்குவது என்பதற்கு அந்த முறையில் இடம் கிடையாது.